காற்றாலை மழையை விரட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: உங்கள் ஊர் வானிலை மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் அதில் மனிதர் பங்கு எவ்வளவு? நிறையக் கடிதங்கள் வந்தன. சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வானிலைக் கூடத்தில் அளவெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் என் பதில்கள் பெரும்பாலும் வெப்பமானியையும் மழைமானியையும் சுற்றித்தான் இருக்கும்.

சென்னை சேலையூரிலிருந்து ஒரு வாசகி: அம்மா, நாங்கள் இங்கே வீடு கட்டி வந்த புதிதில் சித்திரை, வைகாசியிலும் மொட்டை மாடியில் படுப்போம். விடியற்காலையில் போர்வை தேடுவோம். இப்போது இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர் வருகிறது. வெயில் கூடிவிட்டதா, எங்களுக்குத்தான் வயதாகிவிட்டதா?

வயதில் காரணம் தேடாதீர்கள். உங்கள் உடம்பு சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கவனித்துப் பாருங்கள், பகலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாமே இரவைப் பற்றியது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் பகல் உச்ச வெப்பத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது காற்றின் திசை. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்து, கடற்காற்று கரையேற மதியம் தாண்டிவிட்டால் 42, 43 டிகிரி வரை போகும். கடற்காற்று பதினொன்றரை மணிக்கே வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த அளவை அதற்குப் பின் வந்த எந்தக் கோடையும் தாண்டவில்லை. பகல் உச்சத்தை மட்டும் பார்க்கிறவர்கள் "ஒன்றும் பெரிதாக மாறவில்லையே" என்று சொல்வதும் இதனால்தான்.

இரவின் கதை வேறு. பகலில் வாங்கிய சூட்டை மண்ணும் புல்லும் பொழுது சாய்ந்ததும் வேகமாக விட்டுவிடும். கான்கிரீட்டும் தாரும் அப்படி விடாது, விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தெருவின் இருபுறமும் நான்கு மாடி எழும்பிவிட்டால், தரையிலிருந்து மேலே போக வேண்டிய வெப்பம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். தரைக்குத் தெரியும் வானத்தின் அளவு குறையக் குறைய இரவு ஆறுவதும் குறையும்.

இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. லூக் ஹோவர்ட் என்பவர் 200 வருடங்களுக்கு முன்பே லண்டனில் இதை அளந்திருக்கிறார். மேகங்களுக்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர்முறையைத் தந்தவரும் அவர்தான். நகரத்துக்குள்ளும் வெளியே கிராமப்புறத்திலும் வெப்பமானிகளை வைத்து வருடக்கணக்கில் குறித்தார். இரவில் நகரம் ஏறக்குறைய 3.7 பாரன்ஹீட் டிகிரி, அதாவது நம் கணக்கில் 2 டிகிரி, கூடுதலாக இருந்தது. பகலில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். மின்விசிறி, ஏசி, கார் எதுவும் இல்லாத காலத்து லண்டன் அது.

இப்போது ஏசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 5.3 கிலோவாட். அது குடிக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஆக, ஓடும் ஒவ்வொரு ஏசியும் தெருவுக்குள் 7 கிலோவாட் அளவு வெப்பத்தை ஊதுகிறது. ஏழு அயர்ன் பாக்ஸைச் சூடேற்றி உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிறுத்திய மாதிரி. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரரும் அந்தச் சூட்டில்தான் படுக்கிறார். எனக்கு மனம் ஆறாத இடம் இது.

மூன்றாவது, தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கம் ஏரிகள் எத்தனை இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் விரிந்து கிடந்தது! 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது. அதற்குள் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் சாலையாகவும் ஆகியிருந்தது. ஈர நிலம் போனால் வெயில் முழுவதும் நேரே தரையையும் காற்றையும் சூடாக்கத்தான் செலவாகும்.

இன்னொன்று. செய்தியில் "குறைந்தபட்ச வெப்பம் 28 டிகிரி" என்று சொல்வது உங்கள் தெருவின் வெப்பம் அல்ல. வெப்பமானிக் கூண்டு திறந்த வெளியில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், வெள்ளைச் சட்டம் போட்டு நிற்கும். அளவு எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறோம். நெருக்கமான தெருவில் இரவு அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். "டிவியில் ஒன்று சொல்கிறார்கள், வீட்டில் ஒன்று இருக்கிறது" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் பலர். அவர்கள் சொன்னதும் உண்மை, நாங்கள் எழுதியதும் உண்மை.

மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு கூரை போடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைச் சிமென்ட் போட்டு மூடாதீர்கள்.

பணகுடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: ஆனி, ஆடியில் மேகம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. ஒரு சொட்டு விழவில்லை. காற்றாலைகள் வந்த பிறகுதான் இப்படி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். இறக்கை சுற்றி மேகத்தை விரட்டிவிடுகிறதாம். உண்மையா?

இல்லை ஐயா. இதே கேள்வியை உடுமலை, பல்லடம் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள், மகாராஷ்டிரத்து விவசாயிகளும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு மேற்கே மலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளப் பக்கத்துச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி உங்கள் பக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடேறுகிறது. சூடேறிய காற்றில் மேகம் கரையுமே தவிர மழையாகாது. நீங்கள் பார்க்கும் மேகம் மலை உச்சியிலிருந்து பிய்ந்து வரும் மிச்சம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் காற்று அந்த வழியே நெருங்கிப் பாய்கிறது. அங்கே காற்று அப்படி வீசுகிறது என்பதால்தான் முப்பந்தலில் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டார்கள்.

காற்றாலைக்கு முன்பும் இந்த வறண்ட காற்று இருந்ததற்குச் சாட்சி வேண்டுமா? திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பாருங்கள். அந்தச் செம்மணல் மேடுகளை உருவாக்கியதில் பெரும் பங்கு மேற்கிலிருந்து வீசும் இந்த மேல்காற்றுக்குத்தான். மழையில் நனைந்து கிடக்கும் மண் இப்படிப் பறந்து மேடாகாது. அந்தப் பக்கத்துக் குளங்களும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வெட்டியவையே. ஆடிச் சாரலை நம்பி யாரும் அங்கே குளம் வெட்டவில்லை.

உயரத்தையும் பாருங்கள். இப்போது நிற்கும் பெரிய கோபுரங்கள் 80 முதல் 140 மீட்டர். இறக்கை நுனியையும் சேர்த்தால் மிக உயரமானவை 200 மீட்டர், சிலது இன்னும் கொஞ்சம் கூடுதல். மழை மேகத்தின் அடிப்பாகமோ பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே நடப்பதை இந்த இறக்கை தொடவே தொடாது.

ஆனால் காற்றாலை எதையுமே மாற்றாது என்றும் நான் எழுத மாட்டேன். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் காற்றாலைகள் நெருங்கி நிற்கும் இடங்களைச் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். காற்றாலை இருக்கும் நிலத்தில் இரவு நேரத் தரை வெப்பம் பக்கத்து நிலத்தைவிடக் கூடுதலாகியிருந்தது. இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும், சற்று மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். இறக்கைகள் இரண்டையும் கலக்கிவிடுகின்றன. அவ்வளவுதான். பனி கொஞ்சம் குறையலாம். மழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

காற்றாலை வந்தபோது உங்கள் ஊரில் ஓடையை மூடிப் பாதை போட்டிருந்தால், குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபட்டிருந்தால், அது உண்மையான புகார். அதை விடாதீர்கள். மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை என்பதற்கு அது காரணமாக இருக்கலாம். மனுவில் "மேகத்தை விரட்டுகிறது" என்று எழுதினால் ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். வாய்க்காலின் சர்வே எண்ணை எழுதுங்கள்.

பெரம்பலூரிலிருந்து ஓர் ஆசிரியை: மரம் நட்டால் மழை வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இது அறிவியலா, ஆசையா?

உங்கள் கேள்விக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு, டீச்சர். எட்வர்ட் பால்ஃபர் என்ற இராணுவ மருத்துவர் சென்னை மாகாணத்தில் இருந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர். மரங்கள் குறைந்தால் ஊரின் ஈரமும் குறைகிறதா என்று 1840-களிலேயே தகவல் திரட்டி 1849-இல் எழுதினார். காடு அழிந்தால் மழை குறையும், பஞ்சம் வரும் என்ற கவலை அப்போதே அரசாங்க மேசை வரை போய்விட்டது.

இன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பள்ளி வளாகத்தில் நூறு மரம் நட்டால் பெரம்பலூருக்கு ஒரு மில்லிமீட்டர் மழைகூட அதிகம் வராது. உங்களுக்கு வரும் ஐப்பசி மழையின் ஈரம் வங்காள விரிகுடாவில் கிளம்பி வருவது. ஆனால் அந்த நூறு மரத்தடியும் மே மாத மதியத்தில் வெட்டவெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். நன்கு வளர்ந்த ஒரு பெரிய மரம் தண்ணீர் கிடைத்தால் நாளொன்றுக்கு நூறு லிட்டர் வரைக்கும் ஆவியாக்கும். அந்தக் குளிர்ச்சி பிள்ளைகளுக்கு நேரடியாகக் கிடைக்கும் லாபம்.

காடு என்ற அளவுக்குப் போனால் பதில் மாறும். மும்பை ஐஐடியைச் சேர்ந்தவர்கள் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் மழையை வாங்கி, மறுபடி காற்றில் விடும் ஈரம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டார்கள். தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் நமக்குக் கிடைக்கும் அந்தப் பருவத்து மழையில் 25 முதல் 40 விழுக்காடு வரை அந்தக் காடுகளின் ஈரம் என்று வந்தது. எந்த வருடம் நமக்கு மழை மிகவும் தேவையோ அந்த வருடத்தில் காடு கைகொடுக்கிறது. வால்பாறையிலும் தேனி மலைகளிலும் ஒரு சோலையை வெட்டும்போது சமவெளிக்காரர்களும் கேள்வி கேட்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள்: மரம் நட்டால் நிழலும் குளிர்ச்சியும் நிச்சயம் வரும். மழைக்கு, இருக்கும் காட்டைக் காப்பாற்ற வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஒரே நாளில் மனிதன் வானிலையை மாற்ற முடியுமா?

முடியும் தம்பி, வருடத்துக்கு ஒரு முறை உங்கள் ஊரே அதைச் செய்து காட்டுகிறது. போகி அன்று விடியற்காலை. தை பிறக்கும் சமயத்தில் காற்று அசையாது, வானம் தெளிந்திருக்கும், தரை நன்றாகக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கீழே, வெதுவெதுப்பான காற்று மேலே. இந்த அமைப்பில் கீழே எரிப்பது மேலே போக வழியில்லை. புகைத் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஈரம் படிந்து மூடுபனி தடிக்கிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பழைய டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தவர்கள் நாம்தான்.

பெரிய அளவில் இதுவே இந்தியா முழுவதும் நடக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன், 1999-இல் இந்தியப் பெருங்கடலில் நடந்த பெரிய ஆய்வில் முன்னின்றவர். தெற்காசியாவின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடித்துப் படியும் பழுப்புப் புகைமூட்டத்தை உலகுக்குக் காட்டியது அந்த ஆய்வு. புகை வெயிலைத் தடுக்கிறது, தரையும் கடலும் வாங்கும் சூடு குறைகிறது, பருவக்காற்றின் வேகம் தளர்கிறது. 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று 2020-இல் புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீட்டு அறிக்கை சொன்னது. அதில் புகைத் துகள்களுக்கும் பங்கு உண்டு. 2020 ஊரடங்கில் புகை அடங்கியதும் பஞ்சாபில் ஜலந்தரிலிருந்து இமயமலைத் தொடர் கண்ணுக்குத் தெரிந்தது நினைவிருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: கார்த்திகை மழை என்றால் வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டு தூறும். இப்போது இரண்டு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடுகிறது. அறுவடை சமயத்தில் வந்து கெடுக்கிறது. நாங்கள் என்ன தவறு செய்தோம்?

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. சேலையூர் அம்மாவின் இரவு வெப்பத்துக்குக் காரணம் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. உங்கள் மழைக்குக் காரணம் மன்னார்குடியில் இல்லை. அது உலகம் முழுவதும் எரித்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருக்கிறது.

காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் தங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக ஒரு டிகிரி சூடாகிவிட்டது. மழைக்கான ஏற்பாடு கூடிவரும் நாளில் கொட்டுவதற்கு முன்பைவிட அதிகச் சரக்கு மேலே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி மட்டுமே. ஒரு வருடத்துக்கும் அதிகமான மழை அந்த ஊருக்கு ஒரு பகல் ஓர் இரவில் வந்து சேர்ந்தது. அந்த எண்ணைப் படித்தபோது இவ்வளவு காலம் மழைமானி பார்த்த எனக்கே கை நடுங்கியது.

இந்த ஒரு மழையைக் காட்டி, "இது முழுவதும் மனிதர் செய்தது" என்று சொல்லக் கூடாது. வங்கக்கடல் ஓரத்தில் பெருமழை என்றைக்கும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் வரும் வாய்ப்பையும், வந்தால் விழும் அளவையும் கடல் சூடாவது கூட்டுகிறது. 2021 ஜனவரியில் சம்பா அறுவடை நேரத்தில் கொட்டிய மழை டெல்டாவில் கதிரைச் சாய்த்தது உங்களுக்கு மறந்திருக்காது. காப்பீட்டுத் தேதிகளும் விதைப்புக் காலமும் பழைய மழையை வைத்தே இன்னும் ஓடுகின்றன. அதை மாற்றக் கேட்பது உங்கள் உரிமை.

மழை வேறு, வெள்ளம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயலில் ஐந்து நாள் தண்ணீர் நிற்கிறதென்றால் அதில் தூர்ந்த வடிகாலுக்கும் பங்கு உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அது வானத்தின் வேலை. பக்கத்து முடிச்சூரில் வீடுகளின் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியதற்கு, ஆறு பரவ வேண்டிய இடத்தில் நாம் வீடு கட்டியதும் காரணம்.

ராமநாதபுரத்திலிருந்து: செயற்கை மழை பெய்ய வைத்தால் என்ன?

மேகத்தை யாராலும் உண்டாக்க முடியாது. இருக்கிற மேகத்தைக் கொஞ்சம் தூண்டலாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில் செய்த சோதனையில், தகுந்த மேகம் கிடைத்த இடத்தில் மழை ஏறக்குறைய 18 விழுக்காடு கூடியது. தகுந்த மேகம் கிடைத்தால் என்பது முக்கியம். 2025 அக்டோபரில் டெல்லியில் முயன்றார்கள், ஈரப்பதம் போதவில்லை, மழை பெய்யவில்லை. வறட்சியில் மேகமே இருக்காது. அந்தப் பணத்தில் உங்கள் ஊரணிகளைத் தூர்வாரச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து: ஊட்டியில் உறைபனி முன்பு போல் இல்லை என்கிறார்கள். சுற்றுலா வண்டிகள்தான் காரணமா?

வண்டியின் பங்கு சிறியது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. அதற்கு முன் இருந்த உச்சம் 1986-இல் பதிவான 28.5. அது கோடை வெப்பம், அதில் உலக வெப்பமாதலின் தடம் தெரிகிறது. உறைபனிக்கு வேறு சில காரணங்களும் சேர்கின்றன. தெளிந்த வானம், அசையாத காற்று, திறந்த புல்வெளி இந்த மூன்றும் இருந்தால்தான் உறைபனி படியும். நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகை மரமும் யூகலிப்டஸும் தேயிலையும் தின்றுவிட்டன. மரம் மூடிய இடத்தில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் இலைகளிலேயே தங்கிவிடும், பனி உறையாது. பள்ளத்தாக்கில் கட்டடம் நிறைந்தாலும் அதே கதைதான். ஆகவே உங்கள் ஊரில் வெளிநாட்டு மரத்தை நட்டதும் வானிலையை மாற்றிய செயலே. நீலகிரிக்கு உரியது சோலையும் புல்வெளியும் சேர்ந்த நிலம். மரம் என்றால் எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் நீலகிரிக்கு வந்து கற்றுக்கொள்ளட்டும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: தாது வருஷத்துப் பஞ்சம் வந்தபோது காரும் இல்லை, ஏசியும் இல்லை. இயற்கை தானாகவே மாறிக்கொண்டிருப்பது. மனிதன் மேல் பழி போடுவது இப்போதைய பேஷன் என்பது என் கருத்து.

உங்கள் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1876-இல் மழை பொய்த்தது இயற்கையால்தான், அடுத்த ஆண்டு பசிபிக் கடல் சூடான எல் நினோவும் சேர்ந்துகொண்டது. செத்தவர்கள் அத்தனை லட்சம் பேர் ஆனதற்கு அன்றைய ஆட்சிக்குப் பங்கு உண்டு, அது வேறு பேச்சு. நம் வடகிழக்குப் பருவமழையின் தாண்டவத்தை நான் நேரில் பார்த்தவள். 2015-இல் வழக்கத்தைவிட 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். அடுத்த ஆண்டே 62 விழுக்காடு குறைவு. இரண்டு வருடத்துக் கணக்கை வைத்து மாற்றம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முப்பது வருடச் சராசரியை எடுத்துத்தான் நாங்கள் பேசுவோம்.

ஆனால் இயற்கை மாறினால் ஏறியதுபோல் இறங்கவும் வேண்டும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. வெப்பமானிகள் ஊருக்கு நடுவே மாட்டிக்கொண்டதால் வந்த பிழையோ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சில நிலையங்களைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது உண்மை. ஆனால் கடலுக்கு நடுவில் கட்டடம் ஏது? கப்பலிலும் மிதவையிலும் அளந்த கடல் வெப்பமும் ஏறித்தான் இருக்கிறது. சூரியனால் வந்த வெப்பமாக இருந்தால் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடக்கிறது.

உள்ளூர் அளவிலும் ஓர் உதாரணம் தருகிறேன். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஓர் ஏரி, ஒரு காலத்தில் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பருத்தி விளைவிக்க 1960-களிலிருந்து அதற்கு வரும் இரண்டு ஆறுகளையும் திருப்பினார்கள். ஏரி வற்றியது. சுற்றியிருந்த ஊர்களில் கோடை இன்னும் சுட்டது, குளிர்காலம் இன்னும் கடுமையானது, பயிர் வளரும் நாட்கள் குறைந்தன, உப்புத் தூசிப் புயல் கிளம்பியது. ஒரு தலைமுறைக்குள், மனிதர் கையால், கண்ணெதிரே நடந்தது. இதையும் பேஷன் என்பீர்களா?

திருவண்ணாமலைப் பள்ளி மாணவிகள் சிலர்: நாங்களே மழையை அளக்க ஆசை. எப்படி?

கட்டாயம் செய்யுங்கள், கண்மணிகளா. நேர்ச்சுவராக, வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் போதும். அடி வளைந்திருந்தால் வளைவு மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு, அதிலிருந்து மில்லிமீட்டர் ஸ்கேலால் அளங்கள். பாத்திரம் சாயாமல் செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் பள்ளி மாடியின் பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், எவ்வளவு தண்ணீர் என்று தெரியும்.

தினமும் காலை எட்டரைக்கு அளங்கள், நாடு முழுக்க அந்த நேரம்தான். அளந்ததும் கொட்டிவிட்டு, அன்றைய தேதியில் எழுதுங்கள். மழை பெய்யாத நாளிலும் பக்கத்தை வெறுமையாக விடாமல் பூஜ்யம் போடுங்கள். வெறுமையாக விட்டால் மழை இல்லையா, நீங்கள் பார்க்க மறந்தீர்களா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. விடுமுறையில் யார் பார்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், நோட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் நின்றுபோகும்.